காப்பி போடுறதுல என்ன அவ்வளவு கஷ்டம்? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல லினக்ஸ் டிரைவர் (ஹார்ட்வேர ஓட்டற புரோகிராம்) பத்தி போறபோக்குல ரெண்டு பாரா எழுதினேன், அதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நெனக்கல, வந்ததுல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், யூசர் புரோகிராம்லருந்து வர்ற டேட்டாவ கர்னலுக்குள்ள, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையத்துக்குள்ள, காப்பி பண்றது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவை. கோடு வர்ற இடத்துல தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன், அதை அப்படியே அடிச்சுட்டு கம்பைலர் திட்டுதுன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க.

கேள்வி: சார், ஓசூர்ல ஒரு எம்பெடெட் கம்பெனில சேந்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு டிரைவர்ல ஐஆக்டில் (யூசர் புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பற வழி) எழுதினேன். கேமல்லாக் பண்ணி (மெமரில இடம் எடுத்து), நல் (NULL, இடம் கிடைக்கலேன்னா வர்ற வெத்துப் பாயின்டர்) செக் பண்ணி, காப்பி_ஃப்ரம்_யூசர் போட்டு, அது ஃபெயில் ஆனா கேஃப்ரீ பண்ணிட்டு (எடுத்த இடத்தை விட்டுட்டு) வெளிய வர்ற மாதிரி கரெக்டா பண்ணிருக்கேன். ரிவ்யூல சீனியர் "மெம்டப்_யூசர் போடு"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. ஓடுற கோடை எதுக்கு சார் மாத்தணும்?

பதில்: தம்பி, மொதல்ல உங்க கோடை இங்க போட்டுருவோம், மத்தவங்களுக்கும் புரியணும்ல.

பஃப் = கேமல்லாக்(லென், ஜிஎஃப்பி_கர்னல்);
இஃப் (!பஃப்)
  ரிட்டர்ன் -இநோமெம்;
இஃப் (காப்பி_ஃப்ரம்_யூசர்(பஃப், ஆர்க், லென்)) {
  கேஃப்ரீ(பஃப்);
  ரிட்டர்ன் -இஃபால்ட்;
}

ஏழு வரி. இநோமெம்னா மெமரி இல்லன்னும், இஃபால்ட்னா அட்ரஸ் தப்புன்னும் சொல்ற எர்ரர் நம்பர். இதுல தப்பு ஒன்னும் இல்ல, சொல்லப்போனா நல்லாவே எழுதிருக்கீங்க, நிறைய பேரு அந்த கேஃப்ரீய மறந்துட்டு மெமரிய ஒழுக விட்டுருவாங்க. உங்க சீனியர் கேக்கறது இது:

பஃப் = மெம்டப்_யூசர்(ஆர்க், லென்);
இஃப் (ஐஎஸ்_எர்(பஃப்))
  ரிட்டர்ன் பிடிஆர்_எர்(பஃப்);

மூணு வரி. ஐஎஸ்_எர் வந்தது எர்ரரான்னு பாக்கும், பிடிஆர்_எர் அந்த எர்ரர் நம்பரை எடுத்துக் குடுக்கும். மெம்டப்_யூசர் உள்ள போய்ப் பாத்தா நீங்க எழுதின அதே வேலைதான் நடக்குது, மாயமந்திரம் ஒன்னும் கிடையாது. இடம் எடுக்கும், காப்பி பண்ணும், காப்பி பாதில நின்னுட்டா எடுத்த இடத்தை அதுவே விட்டுட்டு எர்ரர் நம்பரக் கையில குடுக்கும். 2009ல 2.6.30 கர்னலோட வந்துச்சு, அதுக்கு முன்னாடி இதே ஏழு வரிய ஒவ்வொரு டிரைவர்லயும் ஆளாளுக்கு ஒரு தினுசா எழுதி வச்சிருந்தாங்க.

வரி கொறையுதுன்னு மாத்தறதா இருந்தா மாத்தவே வேண்டாம், எனக்கு அது ஒரு காரணமாவே படல. அந்த ஏழு வரில சறுக்கறதுக்கு எத்தனை எடம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்பிக் குடுக்கறது எர்ரர் நம்பர் இல்ல, காப்பி ஆகாம மிச்சம் நின்ன பைட் எத்தனைங்கற கணக்கு. இது தெரியாம ரிட்டர்ன் வேல்யூவ ஒரு வேரியபிள்ல வாங்கி, ஜீரோ இல்லேன்னா அதையே மேல அனுப்பிடறவங்க இன்னும் இருக்காங்க. 64 பைட்ல ஒன்னு கூட காப்பி ஆகலேன்னா அந்த ஐஆக்டில் 64னு பதில் சொல்லும், மேல இருக்கற புரோகிராமுக்கு மைனஸ் வந்தாதான் ஃபெயில், பிளஸ் 64 வந்தா வேலை முடிஞ்சுதுன்னு ஜாலியா அடுத்த வரிக்குப் போயிரும். அப்புறம் கஸ்டமர் "செட்டிங் மாறவே மாட்டேங்குது, எர்ரரும் வரல"ன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணுவான், நீங்க ஹார்ட்வேர மூணு நாள் சந்தேகப்படுவீங்க. மெம்டப்_யூசர்ல இந்த சறுக்கலுக்கு வழியே இல்ல, அது குடுக்கறது ஒன்னு நல்ல பாயின்டர் (மெமரி அட்ரஸ்), இல்லேன்னா மைனஸ் நம்பர்.

கேமல்லாக்ல ஜிஎஃப்பி கொடி (மெமரி கிடைக்கற வரைக்கும் தூங்கிக் காத்திருக்கலாமா கூடாதான்னு சொல்றது) எதப் போடறதுன்ற யோசனையும் மிச்சம். காப்பி_ஃப்ரம்_யூசர் நடக்கும்போது யூசர் பக்கத்து பேஜ் (மெமரித் துண்டு) டிஸ்க்ல கிடந்தா அது வர்ற வரைக்கும் தூங்கும், அப்ப எப்படியும் தூங்கப்போற எடத்துல தூங்கவே கூடாதுன்ற ஜிஎஃப்பி_அடாமிக் போட்டு என்ன பிரயோஜனம், ஆனா அப்படி எழுதின டிரைவர் நானே பாத்திருக்கேன்.

இன்னொன்னு, எனக்கு இதுதான் பெரிய காரணம். 2024ல வந்த 6.11 கர்னல்ல மெம்டப்_யூசர் கேக்கற மெமரிக்குன்னு தனி பக்கெட் வச்சாங்க. யூசர் சொன்ன சைஸ்ல, யூசர் குடுத்த டேட்டாவோட ஒரு துண்டு மெமரி கர்னலுக்குள்ள போய் உக்காருதுன்னா அட்டாக் பண்றவனுக்கு அது அல்வா மாதிரி, அவனுக்கு வேண்டிய சைஸ்ல நூத்துக்கணக்குல அடுக்கி, ஏற்கனவே ஃப்ரீ ஆன கர்னல் ஆப்ஜெக்டோட எடத்துல தன் டேட்டாவ உக்கார வச்சிருவான். தனி பக்கெட்ல போனா பக்கத்துல கர்னலோட சொந்த ஆப்ஜெக்ட் இருக்காது. கான்ஃபிக்ல அதை ஆன் பண்ணிருந்தா மெம்டப்_யூசர் கூப்பிடற எல்லா டிரைவருக்கும் அந்தப் பாதுகாப்பு கேக்காமயே கிடைச்சுது, ஒருத்தரும் ஒரு வரி மாத்தல. கேமல்லாக் போட்டு கையால எழுதினவங்களுக்கு? கிடைக்கல. உங்க சீனியர் இவ்வளவையும் எழுதிருக்கலாம்தான், ஆனா ரிவ்யூ பண்றவங்க என்னிக்கு விளக்கமா எழுதிருக்காங்க.

கேள்வி: ஐயா, என் பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன்ல யார்கிட்டயோ "கர்னல் பானிக் ஆயிருச்சுடா, கர்னல் செத்துப்போச்சு"ன்னு பேசுறான். எங்க வீட்ல யாரும் ராணுவத்துல இல்ல. பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்கம்மா, இது மிலிட்டரி கர்னல் இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள எல்லா வேலையையும் பங்கு போட்டுக் குடுக்கற புரோகிராமுக்கு அந்தப் பேரு. அது செத்தா மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எந்திரிச்சிரும். பையன் தூங்கறானான்னு மட்டும் பாத்துக்குங்க. அப்படியே அடுத்த கேள்விய அவன்கிட்ட காட்டுங்க, அநேகமா அவன் பிரச்னையும் இதுவாத்தான் இருக்கும்.

கேள்வி: நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் மெம்டப்_யூசருக்கு மாறிட்டேன் அண்ணா. எல்லாம் ஓடுது, ஆனா டெஸ்ட் டீம் தப்பான பாயின்டர் குடுத்தா மெஷினே ஊப்ஸ் (கர்னல் தடுக்கி விழுந்து கக்கற எர்ரர் செய்தி) அடிக்குது. பழைய கோடுல இது வரல. கீழ நான் வச்சிருக்கறது: மெம்டப்_யூசர் கூப்பிட்டு, இஃப் (!பஃப்) ரிட்டர்ன் -இநோமெம்.

பதில்: அந்த ஆச்சரியக்குறி தான் வில்லன். கேமல்லாக் தோத்தா நல் குடுக்கும், மெம்டப்_யூசர் ஒருநாளும் நல் குடுக்காது, எர்ரர் நம்பரையே பாயின்டர் வேஷம் போட்டு அனுப்பும். 64 பிட் மெஷின்ல அட்ரஸ் வரிசையோட கடைசி 4095 நம்பரை கர்னல் இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கு, நல்ல பாயின்டர் எதுவும் அந்த எடத்துல வராது, ஐஎஸ்_எர் பாக்கறது பாயின்டர் அந்தக் கடைசி எல்லைக்குள்ள இருக்கான்னு மட்டும்தான். உங்க நல் செக் அதைப் பாத்து "நல் இல்ல, சரி உள்ள போ"ன்னு விட்டுருச்சு, அடுத்த வரில பஃப்போட முதல் ஃபீல்ட படிக்கப் போய் மெஷின் விழுந்துச்சு.

இதை டீமெசேஜ்லயே (கர்னல் செய்தியெல்லாம் காட்டற கட்டளை) கண்டுபிடிக்கலாம். ஊப்ஸ்ல விழுந்த அட்ரஸ் வரிசையா எஃப் எஃப் எஃப்னு ஓடி கடைசில எஃப்2ன்னு முடிஞ்சா அது மைனஸ் 14, அதாவது இஃபால்ட். எஃப்4ன்னு முடிஞ்சா மைனஸ் 12, இநோமெம். இஏன்னு முடிஞ்சா மைனஸ் 22, இன்வால் (குடுத்த மதிப்பு தப்பு). முதல் ஃபீல்ட் இல்லாம உள்ள இருக்கற ஃபீல்ட படிச்சிருந்தா அந்தத் தூரத்தைக் கழிச்சுப் பாக்கணும், சில சமயம் கூட்டல்ல சுத்தி வந்து சின்ன நம்பரா நிக்கும், அப்ப நல் பாயின்டர்னு நெனச்சு ஏமாந்துராதீங்க.

இதுக்கு ஒரு அண்ணன்தம்பி பிரச்னை இருக்கு, அதுல நானே மாட்டிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு எடத்துல பழைய டிரைவர் ஒன்ன சுத்தம் பண்ணச் சொன்னாங்க, நாலு எடத்துல மெம்டப்_யூசர் போட்டேன், ஐஎஸ்_எர் செக்கும் ஒழுங்கா போட்டேன், பெருமையா இருந்துச்சு. ஆனா அந்த ஃபங்ஷன்ல கடைசில அவுட்னு ஒரு லேபிள், எது ஃபெயில் ஆனாலும் goto போட்டு அந்த அவுட்டுக்குத் தாவும், அங்க கேஃப்ரீ(பஃப்). பழைய கோடுல அது சரி, ஏன்னா பஃப்ல நல் (NULL) இருந்தா கேஃப்ரீ பேசாம திரும்பிரும். இப்ப பஃப்ல இருக்கறது மைனஸ் 14. கேஃப்ரீ நல்லை மன்னிக்கும், இதை மன்னிக்காது, அந்த அட்ரஸ் எந்த பேஜ்ல இருக்குன்னு தேடப்போய் எங்கயோ காட்டுல போய் விழும். ஆபீஸ்ல ரெண்டு மாசம் நல்லாதான் ஓடுச்சு, ஏன்னா எங்க டெஸ்ட் புரோகிராம் எப்பவும் ஒழுங்கான பாயின்டர்தான் குடுக்கும். கஸ்டமர் சைட்ல ஒரு ஆப் கன்னாபின்னான்னு ஒரு பாயின்டர் அனுப்பிச்சு, மெஷின் போச்சு, எனக்கு ராத்திரி ஃபோன் வந்துச்சு. சரிபண்ண ரெண்டு வழி: அதுக்கு முன்னாடி லாக்கோ வேற மெமரியோ எடுக்கலேன்னா அங்கயே நேரா ரிட்டர்ன் பண்ணிருங்க, எடுத்திருந்தீங்கன்னா கேஃப்ரீய தாண்டி அதுக்கு அடுத்த லேபிளுக்குக் குதிங்க. முடிஞ்சா மெம்டப்_யூசர லாக் எடுக்கறதுக்கு முன்னாடியே கொண்டு போயிருங்க, பாதி லேபிள் தானா காணாமப் போகும். ஸ்பின்லாக் (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்கற பூட்டு) உள்ளன்னா கண்டிப்பா வெளிய எடுத்தே ஆகணும், அங்க தூங்கக் கூடாது.

2023ல 6.5லருந்து வேரியபிள் ஸ்கோப்ப விட்டு வெளிய போகும்போது தானா கேஃப்ரீ ஆகற வசதி வந்திருக்கு, இப்போதைய கர்னல்கள்ல அது எர்ரர் பாயின்டரா இருந்தா தொடாம விட்டுரும், புதுசா எழுதறவங்க அதைப் பழகிக்கலாம். உங்க டெஸ்ட்ல இன்னிக்கே ஒன்னு சேருங்க: ஐஆக்டிலுக்கு பாயின்டரா வெறும் 1ன்னு குடுங்க. அந்த அட்ரஸ்ல ஒன்னும் இருக்காது, இஃபால்ட் வரணும், வேற எது வந்தாலும் டிரைவர்ல கோளாறு.

கேள்வி: எங்க டிரைவர் ட்ரீல எண்பது ஃபைல் இருக்கு. ஒவ்வொன்னா கிரெப் (ஃபைல்ல வார்த்தை தேடற கட்டளை) பண்ணித்தான் இந்த மாதிரி எடத்தக் கண்டுபிடிக்கணுமா?

பதில்: கிரெப்ல கேமல்லாக் கிடைக்கும், அதுக்குக் கீழ நாலு வரி தள்ளி அதே பஃபருக்கு அதே லென்த்ல காப்பி_ஃப்ரம்_யூசர் வருதான்னு கிரெப்புக்கு எப்படித் தெரியும். இதுக்குன்னே கோக்சினெல்னு ஒரு டூல் இருக்கு. பிரெஞ்சுல பொறிவண்டுன்னு அர்த்தம், நம்ம வயல்ல பொறிவண்டு அசுவினியத் தின்னுமே, அதே மாதிரி இது கோடுல இருக்கற பக் (bug), அதாவது தப்ப, தின்னுமாம், நல்லாத்தான் பேரு வச்சிருக்காங்க. ஜூலியா லாவலும் (Julia Lawall) அவங்க கூட்டாளிகளும் உருவாக்கினது, அவங்க பிரான்ஸ்ல இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்காங்க. கர்னல் சோர்சுக்குள்ளயே ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல கோக்சினெல், அதுக்குள்ள ஏபிஐன்னு போனா மெம்டப்_யூசருக்குன்னு ரெடிமேடா ஒரு ஸ்கிரிப்ட் கிடக்கும், மேக் காக்சிசெக்னு போட்டு மோட் பேட்ச்னு சொன்னா டிஃப்பாவே (மாத்த வேண்டிய வரிகளோட பட்டியல்) துப்பும்.

துப்பினத அப்படியே அனுப்பாதீங்க. முந்தின கேள்வில சொன்னேனே அவுட் லேபிள், அது மாதிரி எடத்த டிஃப் பக்கத்துல உக்காந்து கண்ணால பாக்கணும். அப்புறம் கேமல்லாக்கோட சைசும் காப்பியோட சைசும் வேற வேறயா இருந்தா மாத்தவே கூடாது. உதாரணத்துக்கு கேஇசட்அல்லாக்ல (ஜீரோ நிரப்பிக் குடுக்கற கேமல்லாக்) 256 எடுத்து யூசர்கிட்டருந்து 40 மட்டும் காப்பி பண்ணிருந்தா மிச்சம் 216ம் ஜீரோவா இருக்கும், கீழ எங்கயோ ஒரு எடம் அந்த ஜீரோவ நம்பி நிக்கும், மெம்டப்_யூசர் 40 பைட்டோட கைய விரிச்சிரும். சைஸ் சரியா லென் பிளஸ் ஒன்னுன்னு இருந்து கடைசில ஜீரோ வச்சு ஸ்ட்ரிங்கா முடிச்சிருந்தா அதுக்கு மெம்டப்_யூசர்_நல்னு தம்பி ஒருத்தன் இருக்கான், டீபக்எஃப்எஸ் (டிபக் பண்றதுக்கு கர்னல் காட்டற ஃபைல்கள்) ரைட் ஃபங்ஷன்ல எல்லாம் அவன்தான் சரி.

கேள்வி: யூசர் பாயின்டர நேரா மெம்காப்பி (செக் எதுவும் இல்லாத சாதாரண மெமரி காப்பி) பண்ணா என்ன? எங்க போர்டுல நல்லாதான் வேலை செய்யுது.

பதில்: உங்க போர்டு பழசு. 2014 வாக்குல பிராட்வெல் சிப்லருந்து இன்டெல்ல ஸ்மாப்னு ஒரு காவல் வந்துச்சு, ஆர்ம்ல வி8.1ல அதே வேலைக்கு பான், கர்னல் அனுமதி வாங்காம யூசர் மெமரியத் தொட்டா சிபியூவே கையத் தட்டி விட்டுரும். காப்பி_ஃப்ரம்_யூசர் அந்தப் பூட்ட ஒரு நிமிஷம் தெறந்து, காப்பி பண்ணி, மறுபடி பூட்டிட்டு வருது. அதோட யூசர் குடுத்த அட்ரஸ் உண்மையிலயே யூசர் பக்கமான்னும் பாக்குது. நீங்க பாக்கறதில்ல. யாராச்சும் கர்னலோட அட்ரஸையே குடுத்தா உங்க டிரைவர் அதைப் படிச்சு, அடுத்த ஐஆக்டில்ல அவன்கிட்டயே குடுத்துரும். வீட்டு சாவிய கேட்டவன் கையில குடுத்த கதை. இன்னிக்கே மாத்துங்க.

கேள்வி: யூசர் அனுப்பற ஹெடர்ல (டேட்டாவோட தொடக்கப் பகுதி) சைஸ் இருக்கும், அதைப் படிச்சுட்டு அந்த சைசுக்கு மெம்டப்_யூசர் பண்றேன். இதுல எதாச்சும் பிரச்னை இருக்கா? சில கஸ்டமர் பத்து எம்பி டேபிள் அனுப்பறாங்க, அப்ப ஃபெயில் ஆகுது.

பதில்: ரெண்டு பிரச்னை, ரெண்டாவதுதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மொதலாவது இப்படி: ஹெடர தனியா ஒரு தடவை காப்பி பண்ணி சைஸ் 100னு பாக்கறீங்க, சரின்னு 100 பைட் மெம்டப் பண்றீங்க. அந்த 100 பைட்லயும் ஹெடர் மறுபடி வருதுல்ல? ரெண்டு காப்பிக்கும் நடுவுல அந்த புரோகிராமோட இன்னொரு த்ரெட் சைஸ 5000னு மாத்திட்டா? உங்க கையில இருக்கற இடம் 100, அதுக்குள்ள எழுதிருக்கறது 5000, கீழ லூப் போடறவன் 5000 வரைக்கும் ஓடுவான். டபுள் ஃபெட்ச்னு சொல்வாங்க. காப்பி ஆன ஸ்ட்ரக்ட்ல (பல ஃபீல்ட ஒன்னாக் கட்டின டேட்டா) சைஸ் ஃபீல்ட நீங்க மொதல்ல செக் பண்ண நம்பரால மேல எழுதிருங்க, இல்ல ரெண்டும் ஒன்னான்னு பாத்து இல்லேன்னா இன்வால் சொல்லித் தொரத்துங்க. மெம்டப்_யூசர் இதைத் தடுக்காது, அதுக்கு உங்க ஹெடர் என்னன்னே தெரியாது. கூடவே அதிகபட்ச சைஸ் ஒன்னு நீங்களே வச்சு செக் பண்ணுங்க, லென்த்த இன்ட்ல வைக்காதீங்க, மைனஸ் ஒன்னு வந்தா சைஸ்_டில (மைனஸே இல்லாத டைப்) ராட்சச நம்பராயிரும்.

பத்து எம்பி ஃபெயில் ஆகறதுக்குக் காரணம் கேமல்லாக் அடுத்தடுத்து ஒட்டின பேஜா தேடறது, சாதாரண எக்ஸ்86 மெஷின்ல ஒரு தடவைல 4 எம்பிக்கு மேல தராது. வீமெம்டப்_யூசர் போடுங்க, அது பெரிசுன்னா சிதறிக் கிடக்கற பேஜ ஒட்டிக் குடுக்கும். ஆனா விடும்போது கேஃப்ரீ இல்ல, கேவிஃப்ரீ. இதை மறந்தீங்கன்னா சின்ன சைஸ்ல எல்லாம் நல்லா ஓடி பெரிய சைஸ்ல மட்டும் விழும், தேடித் தேடி மண்டை காஞ்சிரும்.

கேள்வி: டிவைஸோட மெமரிலருந்து படிக்கறதுக்கும் மெம்காப்பி ஓகேவா? அப்புறம் ரெண்டு ஸ்ட்ரக்ட்டுக்கு நடுவுல மெம்காப்பி?

பதில்: டிவைஸ் மெமரின்னா மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ. எக்ஸ்86ல மெம்காப்பி போட்டாலும் ஓடிட்டுப் போகும், ஆர்ம்64ல டிவைஸ்னு மேப் ஆன எடத்த எசகுபிசகான அட்ரஸ்ல படிச்சா அலைன்மென்ட் ஃபால்ட்தான், மெம்காப்பி வேகத்துக்காக அப்படித்தான் படிக்கும்.

ஒரே டைப் ஸ்ட்ரக்ட் ரெண்டுக்கு நடுவுலன்னா மெம்காப்பியே வேண்டாம், ஸ்டார் டெஸ்ட் = ஸ்டார் சோர்ஸ்னு ஒரு ஈக்குவல் போடுங்க. டைப் மாறிப்போனா கம்பைலர் கத்தும், மெம்காப்பி கத்தாது. சைஸ்ஆஃப் உள்ள பாயின்டரப் போட்டு 8 பைட் மட்டும் காப்பி பண்ற அந்தப் பழைய தப்பும் போயிரும். புதுசா இடம் எடுத்து கர்னலுக்குள்ளயே நகல் எடுக்கணும்னா கேமெம்டப், ஆனா இது தோத்தா நல்தான் குடுக்கும், எர்ரர் பாயின்டர் குடுக்காது. பேரு ஒன்னு போல, குணம் வேற. இந்த எடத்துல கர்னல்காரங்க மேல எனக்குக் கொஞ்சம் கோவம் உண்டு.

கேள்வி: இந்த மாதிரி சின்னச் சின்ன கிளீனப் பேட்ச் (கோடை சுத்தம் பண்ற மாத்தம்) அனுப்பி கர்னல்ல பேரு வாங்கலாம்னு சீனியர் சொல்றாங்க. மெயின்டெய்னர் (அந்த டிரைவருக்குப் பொறுப்பானவங்க) திட்டுவாங்களா சார்?

பதில்: சில பேரு திட்டுவாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. பத்து வருஷமா ஓடற டிரைவர்ல, ஹார்ட்வேர் யார்கிட்டயும் இல்லாத ஒன்னுல, நீங்க அவுட் லேபிள்ல ஒரு தப்பு பண்ணா அதை யாரு கண்டுபிடிக்கறது? மொதல்ல ஸ்டேஜிங் ஃபோல்டர்ல ஆரம்பிங்க, அது 2008லருந்து இன்னும் பக்குவம் வராத டிரைவர வச்சு தேத்தறதுக்குன்னே இருக்கற எடம், பழகறதுக்கும் அங்கதான் வழி. செக்பேட்ச் (பேட்ச் எழுதின முறைய சரிபாக்கற ஸ்கிரிப்ட்) ஓட்டுங்க, கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்பச் சொல்லுதோ அவங்களுக்கே அனுப்புங்க, ஒரு டிரைவருக்கு ஒரு பேட்ச், எண்பது ஃபைலையும் ஒரே மூட்டையாக் கட்டாதீங்க. விளக்கத்துல "கோடை எளிமைப்படுத்தினேன்"ன்னு மட்டும் எழுதாம, எர்ரர் வர்ற வழி முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படிப் போகுதுன்னு ரெண்டு வரி எழுதுங்க, படிக்கறவங்க மொதல்ல தேடறது அதைத்தான். ஹார்ட்வேர் கையில இருந்தா அந்த 1ன்ற பாயின்டர் டெஸ்ட்ட ஓட்டினேன்னு சொல்லுங்க. இல்லேன்னா கம்பைல் மட்டும் பண்ணிப் பாத்தேன்னு உண்மைய எழுதிருங்க, அப்படி எழுதறது அங்க வழக்கம்தான், யாரும் கேவலமா நெனக்க மாட்டாங்க.